லேத்தில் நீங்களே செய்யலாம் சென்டர் பஞ்ச்... ஆனால், எந்தக் கம்பியில்?

கும்மிடிப்பூண்டி சிப்காட், காக்களூர் சிட்கோ பக்கமெல்லாம் போனால் தெருவுக்குத் தெரு லேத் பட்டறையைப் பார்க்கலாம். ஐ.டி.ஐ-யில் இரண்டு வருஷம் டர்னர் படித்துவிட்டு வருபவர்கள், தங்கள் கைக்கென்று செய்துகொள்ளும் டூல்களில் ஒன்று சென்டர் பஞ்ச். துளை போடும் முன் தகட்டில் புள்ளி குத்துவோமே, அதுதான். கடையில் மலிவாகவே கிடைக்கும். ஆனாலும், கடைசல், நர்லிங், டெம்பர் மூன்றையும் ஒரே பொருளில் பழக இதைவிட நல்ல வேலை கிடையாது.

(கடைசல் என்ற சொல்லிலேயே பழைய லேத் இருக்கிறது. தயிர் கடைவதுபோல, கயிற்றை முன்னும் பின்னும் இழுத்துத்தான் அன்று மரத்தைக் கடைந்தார்கள்.)

முதல் கேள்வி, எந்தக் கம்பி? கட்டடத்துக்கான டி.எம்.டி கம்பி உருட்டும் ஆலைகள் கும்மிடிப்பூண்டியில் நிறைய. அதில் ஒரு துண்டை எடுத்துக் கடையலாமே என்று தோன்றும். வேண்டாம். அதில் கார்பன் சுமார் 0.3 சதவிகிதத்துக்குள்தான். எவ்வளவு காய்ச்சினாலும் முனைக்கு வேண்டிய கடினம் வராது. நாலு அடியில் மழுங்கிவிடும். 1 சதவிகிதம் வரை கார்பன் உள்ள சில்வர் ஸ்டீல் ராடு வாங்குங்கள். 10 மி.மீ கனம், 110 மி.மீ நீளம் போதும்.

முனைப் பக்கம் சின்னதாக சென்டர் டிரில் போட்டு, டெயில் ஸ்டாக் சென்டரால் தாங்கிக்கொள்ளுங்கள். வேகம் 450 முதல் 500 ஆர்.பி.எம். பிடிக்கும் இடத்தில் 40 மி.மீ-க்கு நர்லிங், அதற்கு மட்டும் வேகத்தை நன்றாகக் குறைத்து, எண்ணெய் விட்டபடி செய்யுங்கள். துளை இருக்கும் கடைசி 10 மி.மீ-ஐ விட்டுவிட்டு, அதற்கு முந்தைய 25 மி.மீ-ஐ 5 மி.மீ கனத்துக்குச் சரித்துக் கொண்டுவர வேண்டும். காம்பவுண்ட் ஸ்லைடை 6 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாகத் திருப்பினால் சரியாக வரும். பிறகு அந்த 10 மி.மீ-ஐ ரம்பத்தால் அறுத்து எடுத்துவிடலாம்.

இப்போது நர்லிங் மேல் குளிர்பான டின் தகட்டைச் சுற்றி, முனை குட்டையாக வெளியே தெரியும்படி சக்கில் பிடியுங்கள். பிடிமானமும் கிடைக்கும், நர்லிங்கும் நசுங்காது. ஸ்லைடை 45 டிகிரியில் வைத்துக் கடைந்தால் 90 டிகிரி முனை ரெடி. ராடைத் திருப்பிப் போட்டு தலையின் விளிம்பை மழுக்கிவிடுங்கள்.

அடுத்தது நெருப்பு. கொல்லுப்பட்டறையில் தோய்ச்சல் என்பார்களே, அதேதான். கேஸ் டார்ச்சில் முனையின் 20 மி.மீ-ஐ மட்டும் செர்ரிப் பழச் சிவப்புக்குக் காய்ச்சுங்கள். கண்ணை நம்ப முடியவில்லையா? காந்தத்தை அருகில் காட்டுங்கள். 770 டிகிரி வாக்கில் இரும்பு காந்தத்தில் ஒட்டாது. அதற்கு மேல் துளி சூடு ஏற்றி, செங்குத்தாகத் தண்ணீரில் முக்கிக் கலக்குங்கள். அரம் போட்டால் கடிக்காமல் வழுக்க வேண்டும்.

இந்த நிலையில் அது கண்ணாடி மாதிரி. அடித்தால் முனை தெறிக்கும். எமரி தாளால் பளபளப்பாக்கி, நடுப்பகுதியில் மெதுவாகச் சூடு காட்டுங்கள். வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா என வண்ணங்கள் முனையை நோக்கி நகரும். முனை பழுப்பிலிருந்து ஊதாவுக்கு மாறும் நேரம் பார்த்துத் தண்ணீரில் போடுங்கள்.

தலைப் பக்கத்தை மட்டும் காய்ச்சி முக்கவே கூடாது. சுத்தியலும் கடினம், தலையும் கடினம் என்றால் சில்லு பறக்கும். போவது கண்ணாக இருக்கலாம். லேத்திலும் அப்படித்தான். கண்ணாடி கட்டாயம். கையுறை, தொங்கும் கை, துப்பட்டா மூன்றும் ஆகாது. சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு ஸ்விட்சைத் தொடாதீர்கள். சுருளும் சிப்ஸைக் கையால் இழுக்காமல் கொக்கியால் எடுங்கள்.

அடித்து அடித்துத் தலை காளான்போல விரிந்தால், ஓரத்தை உடனே சாணை பிடித்துவிடுங்கள். முனையைச் சாணை பிடிக்கும்போது அடிக்கடி தண்ணீரில் நனைக்க வேண்டும். நீலம் பாய்ந்துவிட்டால் டெம்பர் போய்விடும். மறுபடி டார்ச்சைத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.