பார்க்க ஒரு ஃபைல், வெட்ட ஒரு ஃபைல்!

ஏவிஐ, எம்ஓவி, எம்பி4.. கல்லூரி விழா வீடியோவை எடிட் பண்ண உட்காரும்போதுதான் இத்தனை ஃபார்மட் எதற்கு என்ற கேள்வியே வரும். பதில் தெரிய கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1991 டிசம்பரில் ஆப்பிள் குவிக்டைமை வெளியிட்டது. அதன் ஃபைல்தான் எம்ஓவி. 1992 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் ஏவிஐயோடு போட்டிக்கு வந்தது. இரண்டுமே வெறும் பெட்டிகள். உள்ளே படத்தைச் சுருக்கி வைக்கும் கோடெக் வேறு சமாச்சாரம். ஒரு ஏவிஐ ஓடி, இன்னொரு ஏவிஐ அடம்பிடிப்பது இதனால்தான்!

சண்டை கோர்ட் வரை போனது. குவிக்டைமை விண்டோஸுக்குக் கொண்டுவர ஆப்பிள் ஒரு சிறு நிறுவனத்தை அமர்த்தியது. பிறகு அதே நிறுவனத்தை இன்டெலும் அமர்த்தியது. தன் நிரல் வரிகள் மைக்ரோசாஃப்ட் பக்கம் போய்விட்டன என்று ஆப்பிள் வழக்குப் போட்டது. 1997ல் சமரசம், அதே உடன்பாட்டில் மைக்ரோசாஃப்ட் ஆப்பிளில் 15 கோடி டாலர் முதலீடும் செய்தது. (காமர்ஸ் மக்கள் கவனிக்க!)

இதற்கிடையே 1993ல் விசிடி வந்தது. ஒரு தட்டில் 74 நிமிடப் படம். எப்படி அடங்கியது? எல்லா ஃபிரேமையும் முழுசாக வைக்காமல், அங்கங்கே ஒன்றை மட்டும் முழுசாக வைத்து, மற்றவற்றில் என்ன மாறியது என்பதை மட்டும் எழுதி வைத்தார்கள். எம்பெக் வித்தை இதுதான். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் இரண்டு மூன்று தட்டில் வீட்டுக்கு வந்தது இதன் புண்ணியத்தில்!

பார்க்க இது சரி. வெட்டத்தான் வம்பு. நடுவில் ஒரு ஃபிரேமில் கத்தரி வைத்தால், அது தனியாக நிற்காது. கம்ப்யூட்டர் முந்தைய முழு ஃபிரேமைத் தேடிப்போய் அங்கிருந்து கணக்குப் போட்டு வர வேண்டும். திரும்பச் சுருக்கிச் சேமிக்கும்போதெல்லாம் தரமும் குறையும்.

1995ல் வந்த டிவி கேசட் நேர் எதிர். ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனி, எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம். விலை? ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி!

இந்த இரண்டு வழியும் அப்புறம் சேரவேயில்லை. 2003ல் வந்த ஹெச்.264 சுருக்கும் வித்தையை இன்னும் தூரம் கொண்டுபோனது. 2007ல் ஆப்பிள் கொண்டுவந்த ப்ரோரெஸ், ஃபைல் பெருத்தாலும் பரவாயில்லை என்று எடிட்டர்கள் பக்கம் நின்றது. ப்ரோரெஸில் வெட்டி ஒட்டி, கடைசியில் ஹெச்.264 எம்பி4 ஆக்கி ஊருக்குக் கொடுப்பது பலரின் வழக்கமானது. அந்த எம்பி4 பெட்டியே குவிக்டைமைப் பார்த்துச் செய்ததுதான்.

பலர் அந்தச் சின்ன எம்பி4ஐ மட்டும் வைத்துக்கொண்டு ஒரிஜினலை அழித்துவிடுகிறார்கள். மறுபடி எடிட் பண்ணும்போதுதான் வலிக்கும். ஒரிஜினலை வைத்திருந்தாலும் எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 2019ல் வந்த மேக் கேட்டலினாவில், சினிபேக் போன்ற பழைய கோடெக்கில் இருந்த எம்ஓவிகளைக் குவிக்டைம் ப்ளேயரே திறக்க மறுத்தது.