குரலுக்குத் திறந்த கதவு

வானொலியில் ஒலிக்கும் குரலுக்கு நிறமில்லை. பாடுகிறவர் யார், எந்த ஊரினர் என்று கேளாமலே அதை நாம் வீட்டுக்குள் அழைத்துக்கொள்கிறோம். அக்குரலுக்கு உரியவரே வாசலில் வந்து நின்றால் அதே வரவேற்புக் கிடைக்குமா? அமெரிக்கப் பாடகர் நாட் கிங் கோலின் வாழ்க்கை இக்கேள்வியை எழுப்புகிறது.

1919-ஆம் ஆண்டு அலபாமா மாநிலத்தின் மான்ட்காமரி நகரில், கறுப்பினக் குடும்பம் ஒன்றில் கோல் பிறந்தார். தந்தையார் கிறிஸ்தவப் போதகர். தாயார் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். மகனுக்குப் பியானோ கற்பித்தவரும் அவ்வம்மையாரே. கோல் சிறுவராயிருந்தபோதே குடும்பம் சிகாகோவில் குடியேறியது. 1937-இல் பியானோ, கிட்டார், பாஸ் ஆகிய மூன்றே வாத்தியங்கள் கொண்ட குழுவொன்றை அவர் அமைத்தார். முதலில் பியானோக் கலைஞராகவே பெயர் பெற்றார். நாளடைவில், நிதானமும் இனிமையும் வாய்ந்த அவரது குரல் விரல்களின் புகழை மிஞ்சிவிட்டது. 1946 முதல் 1948 வரை அக்குழுவின் நிகழ்ச்சி என்.பி.சி. வானொலி வழியே நாடெங்கும் ஒலித்தது.

அதே 1948-இல், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வெள்ளையர் வாழ்ந்த ஹான்காக் பார்க் பகுதியில் கோல் வீடு வாங்கினார். அக்கம்பக்கத்தார் எதிர்த்தனர். வேண்டத்தகாதவர் இங்கே குடிவருவதை விரும்பவில்லை என்றனர். தாமும் விரும்பவில்லை என்றும், அத்தகையோர் எவரேனும் வந்தால் முதலில் புகார் செய்பவர் தாமே என்றும் கோல் விடையிறுத்தார், அவ்வீட்டிலேயே குடியிருந்தார்.

1956 ஏப்ரலில், பிறந்த மாநிலமாகிய அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில் அவர் பாடிக்கொண்டிருக்கையில், வெள்ளையர் சிலர் மேடைமீது பாய்ந்து அவரைத் தாக்கினர். இனம் பிரித்து அமர்த்தப்பட்ட சபைகளில் பாடலாமா என்று சொந்த இனத்தாரும் அவரைக் கண்டித்தனர். இருபுறத்து அடியையும் அவர் தாங்க நேர்ந்தது.

அவ்வாண்டு நவம்பர் 5-ஆம் நாள் என்.பி.சி. தொலைக்காட்சியில் அவரது நிகழ்ச்சி தொடங்கியது. முதலில் கால் மணி நேரம். 1957 கோடையிலிருந்து அரை மணி. அந்நாட்டில் இத்தகைய நிகழ்ச்சிகள் விளம்பரதாரர் பொருளால் நடப்பவை. தென் மாநிலங்களில் விற்பனை குறையுமென அஞ்சி, நாடு முழுவதற்குமான விளம்பரதாரர் எவரும் முன்வரவில்லை. எல்லா பிட்ஸ்ஜெரால்டு, ஹாரி பெலபான்டே போன்ற கலைஞர்கள் சொற்ப ஊதியத்திற்கு வந்து பாடினர். நிறுவனமும் செலவைத் தாங்கிப் பார்த்தது. எனினும் 1957 டிசம்பர் 17-ஆம் நாளுடன் நிகழ்ச்சி நின்றது. விளம்பர உலகம் இருட்டைக் கண்டு அஞ்சுகிறது என்று கோல் கசப்போடு சொன்னார்.

1965-இல், 45-ஆம் வயதில், நுரையீரல் புற்றுநோயால் அவர் காலமானார். 1991-இல் மகள் நடாலி, தந்தையின் பழைய ஒலிப்பதிவோடு தம் குரலை இணைத்து வெளியிட்ட பாடல் உலகெங்கும் பரவியது.

நேயர் வெறுப்பார்கள் என்ற அச்சமே ஒரு நிகழ்ச்சியை நிறுத்தப் போதுமானதாயிற்று. கோலின் குரலை வரவேற்ற வீடுகளோ எண்ணிறந்தவை. குரலுக்குத் திறந்த கதவை மனிதருக்கும் திறப்பதே ஒரு சமுதாயத்தின் உண்மையான பண்பாடு.