ஜீப்பின் பாடிக்கும் சேஸுக்கும் நடுவே

சித்தரேவிலிருந்து பெரும்பாறை வழியாகத் தாண்டிக்குடி ஏறும் பாதையில் பழைய ஜீப் வந்தால், வளைவுக்கு அப்பால் இருக்கும்போதே தெரிந்துவிடும். அந்தக் கடகட சத்தத்துக்கு எஞ்சினைக் குறை சொல்லுவோம். பல வண்டிகளில் காரணம் எஞ்சின் அல்ல, பாடிக்கு அடியில் நசுங்கிக் கிடக்கும் ரப்பர் புஷ்.

இந்த வண்டி அவசரத்தில் பிறந்தது. 1940இல் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளிடம் சிறு வண்டி ஒன்று கேட்டது. மாதிரி வண்டிக்குக் கெடு 49 நாள். பான்டம் என்ற சின்னக் கம்பெனிதான் கெடுவுக்குள் கொண்டுவந்து நிறுத்தியது. ஆனால் பெரிய ஆர்டர் போனது வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும். (உலக வழக்கம்!) போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கு மேல் செய்துவிட்டார்கள்.

நம் நாட்டில் மஹிந்திரா சகோதரர்கள் குலாம் முகமதுவோடு சேர்ந்து 1945இல் கம்பெனி தொடங்கினார்கள். பிரிவினை வந்தது; குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சர் ஆனார். 1948இல் கம்பெனி மஹிந்திரா அண்ட் மஹிந்திரா என்று பெயர் மாறியது. வில்லிஸ் ஜீப்பைப் பம்பாயில் பூட்டி விற்றவர்கள், பிறகு உயர்ந்த பானெட் வைத்த சிஜே-3பி ஜீப்பை இங்கேயே தயாரித்தார்கள். அமெரிக்காவில் 1968இல் நின்றுபோன அந்த முகம், டீசல் எஞ்சின் மாட்டிக்கொண்டு நம் ஊரில் பல வருஷம் ஓடியது. கீழ்மலையில் குதிரை சுமந்த காபி மூட்டையும் மிளகும் மலைவாழைத் தாரும் ஜீப்புக்கு மாறின.

சரி, புஷ்ஷுக்கு வருவோம். ஜீப்பின் சேஸ் ஏணி மாதிரி. பாடி அதன்மேல் தனியாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு சக்கரம் பாறைமேல் ஏறி, இன்னொன்று குழியில் இறங்கும்போது சேஸ் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கல் தகரத்துக்குப் போகாமல் தடுப்பதுதான் ரப்பரின் வேலை. மழை, வெயில், ஒழுகும் ஆயில் எல்லாம் சேர்ந்து ரப்பரைத் தின்றுவிடும். பிறகு தகரம் கிழியும். பட்டறையில் ஒட்டு வைத்து வெல்டிங் அடிப்பார்கள். அடுத்த மழைக்குள் ஒட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கிழிசல். வண்டிக்காரருக்குச் சாயங்காலமே லோடு ஏற்ற வேண்டும். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் காசு வீண்தான்.

சத்தத்தையும் கிழிசலையும்விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. பழைய ஜீப்பில் கிளட்ச், பிரேக் பெடல்கள் சேஸில் பூட்டியவை. தரையில் உள்ள ஓட்டை வழியாக மேலே வருகின்றன. ரப்பர் நசுங்கிப் பாடி இறங்கினால் ஓட்டையின் விளிம்பு பெடலில் உரசும். பின்னால் பத்துப் பன்னிரண்டு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வரும்போது பிரேக் பெடல் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

லாரி டயரை வெட்டித் துண்டு வைக்கும் வழக்கம் மலை முழுக்க உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. உள்ளே நூல் அடுக்கு இருப்பதால் டயர் துண்டு விறைப்பாக நிற்கும், ரப்பர் மாதிரி அமுங்காது. வைத்தே தீர வேண்டுமென்றால் எல்லா இடத்திலும் ஒரே கனமாவது இருக்கட்டும். ஒன்று உயரம், ஒன்று குட்டை என்றால் நிற்கும்போதே பாடி முறுக்கிக்கொள்ளும்.

மாற்றுவது கஷ்டமில்லை, பொறுமை வேண்டும். துருப்பிடித்த போல்ட்டில் முந்தின நாளே டீசல் ஊற்றி ஊறவிட வேண்டும். ஒரு பக்கத்தைக் கழற்றும்போது மறுபக்கம் தளர்த்தினால் போதும். ஜாக்கிக்கும் தகரத்துக்கும் நடுவே பலகை அவசியம். ஸ்டியரிங் ராடு கிளாம்ப்பையும் தளர்த்திவிட வேண்டும். பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில், பாடியோடு தூக்கும். எஞ்சின் சேஸிலேயே இருக்கும். நடுவில் உள்ள டியூபைப் பார்க்காமல் தூக்கினால் பிய்ந்துவிடும்.

புது ரப்பர் போட்டபின் லைட் மங்கலாக எரிந்தால் டைனமோவைக் கழற்றாதீர்கள். ரப்பரில் கரண்ட் போகாது. பாடிக்கும் சேஸுக்கும் எர்த் வயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.