லேபனும் லேபனமும்

நாவலூர், சிறுசேரி, கேளம்பாக்கம் பக்கத்துப் பிள்ளைகளில் மேற்படிப்புக்கும் வேலைக்கும் ஜெர்மன் படிப்பவர்கள் உண்டு. தென்சென்னைப் புறநகருக்கு ஜெர்மனி இப்போது தொலைவான ஊரும் அல்ல. 2007 முதல் மறைமலைநகர்ப் பக்கம் பி.எம்.டபிள்யூ கார் தயாராகிறது. 2012 முதல் ஒரகடத்தில் டைம்லர் லாரி தயாராகிறது. ஜெர்மன் நிறுவனத்துக்கு விண்ணப்பம் போடுகிறவர் முதலில் தயார்செய்ய வேண்டியது 'லேபன்ஸ்லௌஃப்'. நாம் பயோடேட்டா என்கிறோமே, அதுதான். சொல்லைப் பிரித்தால் வாழ்க்கையின் ஓட்டம். அதில் முன்பாதியாக நிற்கும் 'லேபன்' ஜெர்மன்காரர் நாள்தோறும் புழங்கும் சொல். மளிகைச் சாமான் 'லேபன்ஸ்மிட்டல்'. மின்பெட்டியில் உயிராபத்து என்று எச்சரிக்கும் பலகையிலும் அதே லேபன்.

தமிழில் இந்த ஒரு சொல்லின் வேலையை மூன்று சொற்களாவது பங்கிட்டுக்கொள்கின்றன. ஆபத்து என்றால் உயிர், விண்ணப்பத்தில் வாழ்க்கை, வேலை வெட்டி என்றால் பிழைப்பு. மூன்றுக்கும் பிறப்பு வேறு. உயிர்த்தல் என்றால் மூச்சுவிடுதல். பெருமூச்சை நெட்டுயிர்ப்பு என்பது அதனால்தான். வாழ்தலில் செழிப்பும் கலந்திருக்கிறது. 'வாழ்ந்து கெட்ட குடும்பம்' என்னும்போது அவர்கள் யாரும் இறந்துவிடவில்லை, செல்வம்தான் போயிற்று. பிழைத்தலோ தவறுதல், தப்புதல். சாவின் கையிலிருந்து தப்பியவன் பிழைத்தான்; அப்படித் தப்பித் தப்பி நாளை ஓட்டுவது பிழைப்பு. நம் மொழியில் இவ்வளவு நேர்மையான சொல் வேறில்லை என்பேன்.

லேபனுக்கு வருவோம். சமஸ்கிருதமும் ஜெர்மனும் ஒரே குடும்பம்; 1786இல் வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் ஆற்றிய உரைக்குப் பிறகு அந்த உறவு உலகறிந்த செய்தி. (தமிழும் அதன் உடன்பிறப்புகளும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல என்று ஆங்கிலேயக் கலெக்டர் எல்லிஸ் 1816இல் நம் சென்னையிலிருந்துதான் எழுதினார்.) ஆகவே லேபனின் உறவு 'ஜீவன்' ஆகத்தான் இருக்கும் என்று தோன்றும். அது இல்லை. ஜீவனுக்கு ஜெர்மனில் உள்ள உறவு பாதரசத்தின் பெயரில் இருக்கிறது. 'க்வெக்ஸில்பர்' என்றால் உயிருள்ள வெள்ளி. அதில் வரும் 'க்வெக்' தான் ஜீவனின் பங்காளி.

லேபனின் உண்மையான உறவை நாம் சந்தனத்தோடு அறிவோம். லேபனம், லேபம், வஜ்ரலேபம் ஆகியவற்றுக்கு அடியான 'லிப்' என்ற சமஸ்கிருத வேரும் லேபனும் ஒரே மூலத்தில் பிறந்தவை என்பது மொழிநூலாரிடையே பெரிதும் ஏற்கப்பட்ட கருத்து. பூசுதல், ஒட்டுதல் என்பது மூலப்பொருள். கிரேக்கத்தில் கொழுப்பைக் குறிக்கும் 'லிபோஸ்' அதே கிளை. தமிழ் எழுத்தில் லேபனும் லேபனமும் இரட்டைப் பிள்ளைகள்போல் தெரிகின்றன. அதை மட்டும் வைத்து உறவு சொல்வது தவறு. நம் பகரம் இரண்டு ஒலிக்கு ஒரே எழுத்து. சமஸ்கிருதத்தில் வல்லோசை, ஜெர்மனில் மெல்லோசை. அந்த மாற்றத்துக்கு விதி இருக்கிறது. அழுத்தம் சொல்லின் எந்த அசையில் விழுந்தது என்பதைப் பொறுத்து ஒலி மெலியும் என்று டேனிஷ் அறிஞர் கார்ல் வெர்னர் 1870களில் காட்டினார். சொல்லாராய்ச்சியில் காதை நம்புவதைவிட இத்தகைய விதியை நம்புவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஒட்டுவது எப்படி வாழ்வது ஆயிற்று? இடைப்படி ஒன்று இருக்கிறது. ஒட்டியது போகாமல் நிற்கும். ஜெர்மனில் 'தங்கு, மீந்திரு' என்பதற்கான 'ப்ளைபன்' இதே வேரில் வந்தது. போரிலும் பஞ்சத்திலும் மற்றவர் போனபின் மிச்சமாக நிற்பவர் வாழ்பவர். 'லைப்' என்ற சொல்லும் உடன்பிறப்பே. முன்பு உயிரைக் குறித்தது, இன்று உடலைக் குறிக்கிறது. உயிர் எதில் ஒட்டியிருந்ததோ அதற்கே பெயர் போய்விட்டது. ஆங்கிலத்தில் 'லைஃப்' பழம்பொருளிலேயே நின்றுவிட்டது.

இந்தச் சிந்தனை தமிழருக்கு அந்நியமில்லை. படுத்த படுக்கையாகக் கிடப்பவரைப் பார்த்துவிட்டு வந்து, 'உசுரு ஒட்டிக்கிட்டு இருக்கு' என்கிறோம். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் பயிலும் மருத்துவர்களுக்குப் புறமருந்து 32 வகை என்பது பாலபாடம். கட்டு, பற்று, ஒற்றடம், பூச்சு என்று அந்த வரிசை தொடங்கும். சுளுக்குக்கு அரைத்துப் போடுகிற அதே பற்றுதான் வாழ்க்கையின் மேல் உள்ள பற்றும். வேறு குடும்பத்து மொழி. ஆனால் ஒட்டுதலிலிருந்து உயிராசைக்கு அது நடந்த வழி லேபன் நடந்த வழிக்கு வெகு பக்கம்.

இரண்டு மொழிகளும் நேரில் சந்தித்ததும் இந்தக் கரையில்தான். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். வேப்பேரியில் இருந்த ஃபப்ரிசியுஸ் விவிலியத்தை மீண்டும் பெயர்த்தார், 1779இல் தமிழ் அகராதியும் வெளியிட்டார். இருவரும் ஜெர்மானியர், லூதரின் விவிலியத்தில் லேபனைப் படித்து வளர்ந்தவர்கள். சீர்திருத்தச் சபைகளில் இன்றும் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் அழியாத வாழ்வு 'நித்திய ஜீவன்' என்று நிற்கிறது. 1995இல் வந்த திருவிவிலியம் அதை 'நிலைவாழ்வு' ஆக்கிற்று. நிலைத்தல் என்றால் போகாமல் தங்குதல். ப்ளைபனுக்கும் அதுவே பொருள்.