ஆனைமலை மண்ணும் மணிச்சத்தும்

நீர் தேங்கிக் காற்றுப் புகாத மண்ணில் உருவாகும் பச்சைத் துரு, இரும்பு ஹைட்ராக்சைடுத் தகடுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்த கனிமம். அந்த இரும்பில் ஒரு பகுதி இரண்டு நேர்மின்னேற்றமும் மற்றது மூன்றும் கொண்டிருப்பதால் தகட்டில் நேர்மின் மிஞ்சும். அதை ஈடுகட்ட, எதிர்மின் அயனிகள் தண்ணீரோடு தகடுகளுக்கு இடையே புகுந்துகொள்ளும். குளோரைடு இருந்த இடத்தைச் சல்பேட் பிடிக்கும். சல்பேட்டைக் கார்பனேட் வெளியேற்றும். உள்ளே இருக்கும் அயனியைப் பொறுத்து அடுக்கின் இடைவெளியும் மாறும்: கார்பனேட் என்றால் சுமார் 0.75 நானோமீட்டர், சல்பேட் என்றால் 1.1. மணிச்சத்தைத் தரும் பாஸ்பேட் பெரும்பாலும் உள்ளே நுழைவதில்லை. தகட்டின் விளிம்பில் இரும்போடு நேராகப் பிணைந்துவிடும். உழவுக்குக் கணக்கில் வருவது இந்த விளிம்புப் பிடிதான்.

ஆனைமலை வட்டாரத்தில் இரும்பின் இந்தப் பிடி ஆற்றங்கரை வயலில் ஒரு விதமாகவும் மலைத்தோட்டத்தில் வேறு விதமாகவும் வேலை செய்திருக்கிறது. 1800இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஊர் ஊராக நிலத்தையும் பயிரையும் பார்த்துவந்த பிரான்சிஸ் புக்கானன், ஆனைமலை வழியாகத்தான் பாலக்காட்டுப் பக்கம் இறங்கினார். பின்னர் மலபாரின் அங்காடிப்புறத்தில் கண்ட செந்நிறக் கல்லுக்கு லேட்டரைட் என்று பெயரிட்டார். பெருமழை மற்றச் சத்துகளை அரித்துச் சென்றபின் இரும்பும் அலுமினியமும் தங்கிய கல் அது. ஆனைமலையின் செம்மண்ணும் அந்த வழியில் வந்ததே.

கீழே, ஆழியாற்றின் பழைய ஆயக்கட்டு அணைக்கு முந்தையது. பள்ளிவிளங்கால், அரியாபுரம், காரப்பட்டி, பெரியணை, வடக்கலூர் என்ற ஐந்து வாய்க்கால்களில் 6,400 ஏக்கர் பாயும். ஆழியாறு அணையோ 1960களில்தான் எழுந்தது. தமிழ்நாட்டின் நெல் வயல்களில் தொழி உழவும், கொளுஞ்சி, எருக்கு போன்ற தழைகளைச் சேற்றில் மிதித்து அமுக்குவதும் பழைய வழக்கம். தழை மட்கும்போது மண்ணில் எஞ்சிய காற்று தீர்ந்துபோகும். நுண்ணுயிர்கள் சிவந்த இரும்பைக் கரையும் இரும்பாக மாற்றும். அதில் ஒட்டியிருந்த மணிச்சத்து விடுபட்டு நெல்லுக்குக் கிடைக்கும். தழையை வெறும் உரமாக மட்டும் கணக்கிடுவது அதன் பாதி வேலையை விட்டுவிடுவதாகும்.

சேற்றில் இரும்பு என்ன வடிவம் எடுக்கிறது என்பது வெகுகாலம் பிடிபடவில்லை. பச்சைத் துரு காற்றுப்பட்ட சில நிமிடங்களில் பழுப்பாகிவிடுவது ஒரு காரணம். 1959இல் லண்டனில் பெர்னால், தாஸ்குப்தா, மக்கே மூவரும் இரும்பு ஆக்சைடுகளை ஆராய்ந்த கட்டுரையில் அதன் இரு வகைகளைப் பிரித்துக் காட்டினார்கள். இலங்கையரான பெலிக்ஸ் பொன்னம்பெரும, பிலிப்பைன்சின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வயல்மண்ணின் மின்னழுத்தத்தை அளந்து, இருவகை இரும்பும் கலந்த ஹைட்ராக்சைடு ஒன்று அங்கே இருக்க வேண்டும் என்று 1967இல் கணித்தார். கண்ணால் காணாமலேயே ஏறக்குறைய இலக்கைத் தொட்ட கணிப்பு அது. இயற்கை மண்ணில் இந்தக் கனிமம் அடையாளம் காணப்பட்டது 1990களில், பிரான்சின் ஃபூஜேர் காட்டில். அதனால் அதற்கு ஃபூஜெரைட் என்று பெயர்.

அறுவடைக்கு நீர் வடிந்ததும் நிலைமை தலைகீழாகும். இரும்பு மீண்டும் சிவந்து, புதிதாகப் பிறந்த துகள்களில் மணிச்சத்தை இழுத்துக்கொள்ளும். நெல்லுக்குப் பின் அதே வயலில் விதைக்கும் பயிர் மணிச்சத்துக்குத் திணறுவது இதனால்தான். நெல் தரிசில் உளுந்துக்கு டிஏபி கரைசலை இலையில் தெளிக்கும் இன்றைய முறையில் மண்ணின் பிடிக்கே இடமில்லை.

மலைமேல் நீர் தேங்குவதில்லை. இரும்பு பிடியைத் தளர்த்துவதுமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வால்பாறைப் பகுதியில் முதலில் வந்தது காப்பி. அந்நூற்றாண்டின் இறுதியில் கார்வர் மார்ஷ் போன்ற தோட்டக்காரர்கள் காடு திருத்தியபின் தேயிலை பரவியது. புதிதாக வெட்டிய காட்டில் மட்கிய இலையே போதிய சத்தைத் தந்தது. அதிலிருந்து வரும் கரிம அமிலங்கள் இரும்பின் பரப்பில் இடம் பிடித்து, பாஸ்பேட் முழுக்கச் சிக்காமல் பார்த்துக்கொண்டன. மட்கு குறைந்த பிறகுதான் உரத்தின் தேவை கூடியது. நீரில் எளிதில் கரையும் சூப்பர் பாஸ்பேட்டை அந்த அமில மண்ணில் போட்டால், பெரும்பகுதி வேரை எட்டும் முன்பே இரும்பிலும் அலுமினியத்திலும் பூட்டப்படும். பாஸ்பேட் தள்ளிவிடும் சல்பேட் மழையோடு கீழே இறங்கிவிடும்.

தென்னிந்தியத் தோட்டக்காரர் சங்கமான உபாசி 1893இல் தொடங்கியது. அதன் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இப்போது வால்பாறையின் நீராறு அணைப் பகுதியில் இருக்கிறது. தேயிலைக்குப் பரிந்துரையானது மெல்லக் கரையும் பாறைப் பாஸ்பேட். முசூரியிலிருந்தும் ராஜஸ்தானிலிருந்தும் வந்த தூள். மண்ணின் அமிலமே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துத் தரும். பாஸ்பேட் தானாகக் கீழே நகராது என்பதால், அந்தத் தூளை மேலே தூவாமல் வேர்மட்டத்துக்குக் குழி போட்டு வைப்பார்கள்.