தீவகத்துச் சைக்கிளும் மரத்துப்போகும் விரல்களும்

யாழ்ப்பாணத்துத் தீவகத்தைப் பற்றி எழுதுவோர் கடலையும் படகையும் எழுதுவார்கள். துவிச்சக்கரவண்டியை எழுதுவோர் குறைவு. பண்ணைத் தாம்போதியைக் கடந்து அல்லைப்பிட்டி, வேலணை, ஊர்காவற்றுறை என்று போகும் நெடுவழியிலும், குறிகட்டுவான் துறை வரையிலும், சாதாரண மனிதனைச் சுமந்தது அதுதான். காரைநகருக்குப் போகும் 'பாதை'யிலும் ஆளோடு சைக்கிளும் ஏறும். சுமார் 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள நெடுந்தீவில், பவளக்கல் வேலிகளுக்கு நடுவே செல்லும் கரடுமுரடான தெருக்களிலும் அதுவே துணை.

இந்தப் பயணத்தின் எதிரி சோழகக் காற்று. பண்ணை வீதி தென்மேற்குப் பக்கமாகவே தீவுகளை நோக்கிச் செல்கிறது; ஆண்டின் நடு மாதங்களில் காற்றும் அங்கிருந்தே வீசுகிறது. தாம்போதியில் ஒதுங்க மரமில்லை. ஓட்டுபவர் முன்னால் குனிகிறார். உடற்பாரம் உள்ளங்கைகளில் இறங்குகிறது. சிறிது நேரத்தில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன.

இதை வயதின் கோளாறு என்று ஒதுக்குவோர் உண்டு. மருத்துவ வரலாறு வேறு கதை சொல்கிறது. மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கமாக ஓர் ஒடுங்கிய வழி உண்டு. அதனை 1861 இல் விபரித்தவர் பிரெஞ்சு அறுவை மருத்துவர் பெலிக்ஸ் கியோன். அல்நார் நரம்பு அதனூடாகவே கைக்குள் செல்கிறது. சைக்கிளோட்டத்தால் இந்த நரம்பு பாதிக்கப்படுவதை இன்னொரு பிரெஞ்சு மருத்துவரான டெஸ்டோ 1896 இலேயே எழுதிவிட்டார். அழுத்தம் நீடித்தால் மரப்போடு நிற்காது, பிடியும் தளரும். வலை பின்னுபவருக்கும் மீன் வெட்டுபவருக்கும் பிடி தளர்வது பிழைப்பே தளர்வதாகும்.

எங்கள் முன்னோரின் றலி, ஹம்பர் வண்டிகளில் ஹாண்டில் ஏறக்குறைய சீற்றின் உயரத்திலோ அதற்கு மேலோ இருந்தது. நிமிர்ந்து இருந்தே ஓட்டலாம். சுருள்வில் வைத்த தோல் சீற் பாரத்தை வாங்கிக்கொள்ளும். 1990 இல் போர் மீண்டும் மூண்டு, குடாநாட்டுக்கு எரிபொருள் தடைப்பட்டபோது நோயாளியையும் விறகையும் ஏற்றியவை இத்தகைய வண்டிகளே. தீவகத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களுக்கும் அவையே வாகனம்.

2022 இல் எரிபொருள் நெருக்கடி வந்தபோது இலங்கை முழுவதும் சைக்கிளைத் தேடியது. ஆனால் இன்றைய வண்டிகள் பலவற்றில் ஹாண்டில் நேரானது, தாழ்வானது. நெடுந்தூரம் ஓடினால் கை நோகும்.

திருத்தம் கடினமானதல்ல. பெடல் அடியில் இருக்கும்போது குதிக்காலை அதன்மேல் வைத்தால் முழங்கால் ஏறத்தாழ நீள வேண்டும். சீற்றின் உயரத்துக்கு அதுவே அளவு. சீற்றின் மூக்குக் கீழே சரிந்திருந்தால் உடல் முன்னால் வழுக்கும், பாரம் கைக்குப் போகும், அதை மட்டமாக்குங்கள். பிறகு ஹாண்டிலை உயர்த்துங்கள், ஆனால் தண்டில் குறித்துள்ள எல்லைக்கோட்டைத் தாண்டவேண்டாம். பிரேக் பிடியைத் தொடும்போது மணிக்கட்டு மடியாமல் நேராக இருக்கட்டும். முழங்கை சற்றே வளைந்திருக்கட்டும். சக்கரத்துக்கு அளவுக்கு மீறிக் காற்று அடித்தால் தெருவின் அதிர்வு முழுவதும் கைக்கே வரும். இடையிடையே பிடியை மாற்றுங்கள்.

இவ்வளவு செய்தும் இறங்கிய பின்னும் மரப்பு நீங்காவிட்டால், அல்லது விரல்கள் வலுவிழந்தால், மருத்துவரிடம் போவதே முறை.

சட்டையை உடலுக்கு அளவெடுத்துத் தைக்கிறோம். ஆண்டுக்கணக்கில் ஏறி மிதிக்கும் வண்டிக்கு மட்டும் உடலை வளைத்துக் கொடுக்கிறோம். சாவியை ஒருமுறை கையில் எடுத்தால் போதும், சோழகம் வீசட்டும்.