புருவத்தில் ஊன்றிய மை

நம் பாட்டிமார் நெற்றியிலும் முன்கையிலும் தரித்திருந்த பச்சைக்கு வேண்டிய மையைக் குறவர் குலத்து ஸ்திரீகள் தயாரித்த விதத்தை, எட்கர் தர்ஸ்டன் 1909-ல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களைப் பற்றிய நூலில் காணலாம். அகத்திக் கீரையையும் மஞ்சள் தூளையும் சேர்த்துத் துணியில் தேய்த்து, அத்துணியைத் திரியாகத் திரித்து, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரியவிட்டு, மேலே மூடிய மண்சட்டியில் படிந்த கரியைச் சுரண்டி, தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்து, அந்த மையை ஊசியால் குத்தித் தோலில் ஏற்றினார்கள்.

கரி கறுப்பு, ஆயினும் புண் ஆறிய பின் அது பச்சையாகவோ நீலமாகவோ தோன்றுவதற்கு அகத்திச் சாறு காரணமன்று, அது விளக்கிலேயே எரிந்துபோயிற்று. தோலுக்குள் புகும் ஒளியின் சிவந்த பகுதி ஆழம் வரை சென்று கரித்துகளில் மறைந்துவிட, நீலப் பகுதி மட்டும் மேலடுக்கிலேயே சிதறித் திரும்பி நம் கண்ணை வந்தடைகிறது. முன்கையில் அழகாக விளங்கும் இந்நிறம் புருவத்தில் விகாரமாகிவிடும் என்பதே அங்கே மை ஊன்றும் கலைஞர்களின் முதற் சங்கடம்.

சாமுவேல் ஓ'ரெய்லி 1891-ல் நியூயார்க்கில் பச்சை குத்தும் மின்சார யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1930-களில் லண்டனில் ஜார்ஜ் பர்ச்செட் புருவங்களை நிரந்தரமாகக் கருமையாக்கும் தொழிலை அபிவிருத்தி செய்தார். பின்வந்தோர் தனிக் கரியின் நீலச் சாயலைத் தவிர்க்க இரும்பு ஆக்ஸைடுகளை நாடினர். காவிக்கல்லுக்குச் செம்மை தரும் அதே பொருளை, மஞ்சள், கறுப்பு ஆக்ஸைடுகளோடு அளவறிந்து கலந்தால் புருவத்துக்கு இசைந்த பழுப்பு கிடைக்கிறது. வரிசையாகப் பதித்த நுண்ணூசிகளைக் கையில் பிடித்து, ஒவ்வொரு மயிராக மெல்லக் கீறி, மேல்தோலுக்குச் சற்றே அடியில் வர்ணத்தை இறக்குவது மைக்ரோபிளேடிங். ஆழம் மிகுந்தால் கோடு கசிந்து பரவும். குறைந்தால் பொருக்கோடு உதிர்ந்துபோகும்.

நன்கு செய்த வேலையும் ஓரிரண்டு வருஷங்களில் மங்கத் தொடங்கும். இதை நான் குறையாக எண்ணவில்லை. வயதோடு முகம் தளர்ந்து புருவத்தின் இடமும் சிறிது மாறுகையில், பழைய கோடு விலகிக்கொள்வதே நியாயம். ஆனால் சில கலவைகளில் மற்ற வர்ணங்கள் முன்னே போய்ச் சிவப்பு மட்டும் எஞ்சிவிடுகிறது. அதை லேசரால் அழிக்க முயன்றால், அச்செவ்வாக்ஸைடு ரசாயன மாற்றமடைந்து திடீரெனக் கறுத்துவிடுவதும் உண்டு. ஆகையால் தேர்ந்த மருத்துவர்கள், மறைவான ஒரு சிறு இடத்தில் ஒளியைப் பாய்ச்சிச் சோதித்த பின்னரே முழுப் புருவத்தையும் தொடுகிறார்கள்.